ஐம்பத்து நான்கு கிலோ

ஆனைக்கரடு அரசு ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு சிஸ்டர் மட்டும் மிஞ்சியிருந்த வருஷம், சித்திரை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை பத்தேகால் மணிக்கு, ஆண்கள் வார்டில் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோன ஒரு பெரியவரும் பிரசவ வார்டில் பனிக்குடம் உடைந்த ஒரு பெண்ணும் ஒரே மூச்சில் “சிஸ்டர்!” என்று கூப்பிட, சிஸ்டர் இரண்டு பேரிடமும் போனார். முதலில் ஒருவரிடம், பிறகு மற்றவரிடம் என்று அல்ல. தாழ்வாரத்தின் நடுவில் மருந்து அலமாரிக்கு முன்னால் ஒரு கணம் நின்றார். பிறகு வலது பக்கம் ஒருவராகவும் இடது பக்கம் ஒருவராகவும் நடந்தார். அங்கே பாட்டில் மாறியது, இங்கே பெண் குழந்தை பிறந்தது, வேலை முடிந்ததும் இரண்டு சிஸ்டரும் எதிரெதிரே நடந்து வந்து அதே அலமாரிக்கு முன்னால் ஒருவராகிக் கை கழுவப் போனார்கள், அல்லது போனார்.

இதைக் கண்ணால் பார்த்தவர் வார்டு உதவியாளர் வீரணன். கையிலிருந்த மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, “நல்லதாப் போச்சு, இனி நான் ரெண்டு பக்கமும் ஓடிக் கூப்பிட வேணாம்” என்று சொல்லிவிட்டு மறுபடி தரையைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு நேர் எதிரே எனக்குத் தராசு ரிப்பேர் கடை. மண்டித் தராசு, ரேஷன் கடைத் தராசு, ஆள் நிறுக்கும் தராசு, எதுவானாலும் பிரித்து மாட்டுவேன். யாரிடமும் போய்ப் படித்ததில்லை, பிரித்துப் பிரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கடையில் உட்கார்ந்தால் ஆஸ்பத்திரி முகப்பில் சாக்பீஸால் எழுதிய கரும்பலகை தெரியும். செவிலியர் பணியிடம் ஏழு, பணியில் ஒன்று, காலி ஆறு. அந்த ஆறு பேரும் ஒரே நாளில் போகவில்லை. ஒருவர் ஓய்வு பெற்றார், இரண்டு பேர் மாறுதல் வாங்கிக்கொண்டு போனார்கள், மற்ற மூன்று பேரும் ஒப்பந்தத்தில் இருந்த சின்னப் பெண்கள், ஒப்பந்தம் முடிந்த அன்று புதுப்பிக்க நிதி வரவில்லை என்று ஒரு காகிதம் வந்தது, மூன்று பேரும் பக்கெட்டும் பெட்டியுமாக பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதார்கள். ஒவ்வொரு முறையும் வீரணன் ஈரத்துணியால் ஒரு எண்ணை அழித்து வேறு எண்ணை எழுதினார். ஊரும் அதைப் படித்துக்கொண்டு போனது. நானும் படித்தேன்.

சிஸ்டர் இரண்டான செய்தி டீக்கடைக்கு வருவதற்கு முன்னால் சிஸ்டர்களே வந்துவிட்டார்கள். மத்தியானம் இரண்டு பேராக வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது, செய்யது பாய் ஒன்றுக்கு இரண்டு கிளாஸாக எடுத்து வைத்து, “ரெண்டுக்கும் சீனி கம்மிதானம்மா?” என்று கேட்டார். இரண்டு பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். பாய் ஒரு டீக்குத்தான் கணக்கெழுதுவேன் என்று கடைசிவரை சாதித்தார். குடித்தது ஒரு ஆள்தானே என்பது அவருடைய கட்சி.

வைகாசிக்குள் ஊர் பழகிவிட்டது. ஒருவரை விட்டு வர முடியாத வேளையில் இன்னொருவர் “சிஸ்டர்!” என்றால் அவர் பிரிவார், கூப்பிடும் குரல் எத்தனையோ அத்தனை பேராவார், சத்தம் அடங்கினால் தாழ்வாரத்தில் நடந்து வந்து ஒன்றாகிவிடுவார் என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சொன்னார்கள். வெள்ளைச் சேலையும் தலைத் தொப்பியும் செருப்பும் அவரோடு சேர்ந்து பிரிந்தன, கைக்கடிகாரம் மட்டும் பிரியவில்லை. அதனால் கடிகாரம் இல்லாத சிஸ்டர் நாடி பிடிக்கும்போது, கூட இருக்கும் சொந்தக்காரர் செல்போனைப் பார்த்து “ஆரம்பிங்க... நிறுத்துங்க” என்று குரல் கொடுப்பது வழக்கமாயிற்று. பெண்கள் வார்டுக்காரர்கள் எங்க சிஸ்டருக்குத்தான் கை பதம் என்றார்கள், குழந்தைகள் வார்டுக்காரர்கள் எங்க சிஸ்டர் ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்றார்கள், இரண்டும் ஒரே கை என்று எவ்வளவு சொன்னாலும் சண்டை ஓயவில்லை. “ஆனைக்கரடு கண்ட அதிசயமே!” என்று இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனியாக பேனர் கட்டினார்கள், இரண்டிலும் சிஸ்டரின் படம் இருந்தது, பேர் மட்டும் இல்லை. அது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. பதினொரு வருஷமாக அவர் எங்களுக்கு சிஸ்டர், அவ்வளவுதான்.

நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பக்கத்து ஊர்களில் ஒரு சிஸ்டரும் இல்லாமல் தவித்தபோது எங்கள் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டால் ஆள் வந்தது.

ஆனி மாதம் ஆஸ்பத்திரியின் ஆள் நிறுக்கும் தராசைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தத் தராசைச் சரிபார்க்க எனக்கு ஒரு முறை உண்டு. திருகைத் திருப்பி முள்ளைச் சுழியில் நிறுத்திவிட்டு சிஸ்டரை ஏறி நிற்கச் சொல்வேன். அவர் ஐம்பத்து நான்கு கிலோ. பதினொரு வருஷமாக ஐம்பத்து நான்குக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. எடைக்கல்லைச் சுமந்துகொண்டு ரோட்டைக் கடக்கும் வேலை எனக்கு மிச்சம். “என்னையப் படிக்கல்லாவே ஆக்கிட்டியளே அண்ணாச்சி” என்று சிரித்துக்கொண்டே ஏறுவார். அவர் திசையன்விளைப் பக்கத்துக்காரர், அந்தப் பேச்சு மாறவே இல்லை.

அன்று ஏறினார். முள் இருபத்தேழில் நின்றது.

ஸ்பிரிங் போய்விட்டது என்று கடைக்குத் தூக்கி வந்து, பிரித்து, புது ஸ்பிரிங் போட்டு, இருபது கிலோக் கல் மூன்றை வைத்துப் பார்த்தேன். அறுபது காட்டியது. மறுநாள் கொண்டுபோய் சிஸ்டரை ஏற்றினால் பதினெட்டு. என் கைவேலைமேல் எனக்கே சந்தேகம் வந்து வேர்த்துவிட்டது. அப்போது தாழ்வாரத்திலிருந்து இன்னொரு சிஸ்டர் வந்து, “நானும் ஏறட்டா?” என்று பக்கத்தில் ஒண்டிக்கொண்டு ஏற, முள் முப்பத்தாறுக்குப் போனது. ஊசி அறையிலிருந்து மூன்றாவது சிஸ்டர் எட்டிப் பார்த்து வந்து ஒற்றைக்காலை ஊன்றி நின்றார். ஐம்பத்து நான்கு.

மூன்று பேரும் முள்ளைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

“போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன் அண்ணாச்சி” என்று நடுவில் நின்றவர் மெதுவாகச் சொன்னார். “ஒரு நாள் லீவு. பஸ்ஸை விட்டு இறங்கினதும் என் மக ரூபி ஓடியாந்து கட்டிக்கிட்டா. பத்து வயசுப் பிள்ளை, அப்படியே என்னையத் தூக்கிட்டா. தூக்கிட்டு, ‘அம்மா, மிச்ச அம்மா எங்க?’ன்னு கேட்டா.”

என் மனைவி ஒச்சம்மாள் அப்போது பெண்கள் வார்டில் படுத்திருந்தாள். நெஞ்சில் நீர் கோத்து, காலெல்லாம் வீங்கி, வாரக்கணக்கில் இருந்தாள். நான் தராசு விஷயத்தைச் சொன்னதும் அவள் ஆச்சரியப்படவில்லை.

“நீங்க ஸ்பிரிங்கைக் குறை சொல்லாதிங்க. அந்தப் பிள்ளை நெத்தியில கை வச்சா முன்னெல்லாம் கனம் தெரியும். தெரிஞ்சாத்தான் தூக்கம் வரும். இப்பத் துணி பட்ட மாதிரி இருக்கு.”

“எல்லாரும் சந்தோஷமா இருக்காக, ஒச்சு.”

“இருப்பாக. பிச்சுத் திங்கிறவனுக்கு என்ன, இனிக்கத்தான் செய்யும்.”

ஆடி பிறந்தது. எங்கள் ஊரில் ஆடிக் காற்று கணவாய் வழியாக இறங்கினால் கூரைத் தகரத்தை நான்கு தெரு தள்ளிப் போய் எடுத்து வர வேண்டும். காய்ச்சலும் கூடவே இறங்கியது, கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்தார்கள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சிஸ்டர், சிஸ்டர் என்ற குரல் ஓயாமல் கேட்டது, ஆறு பேரானார், சில வேளைகளில் ஏழு, எட்டு. சாயங்காலம் ஒன்றாகக் கூடுவதும் நின்றுபோனது, கூடுவதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். சிஸ்டர் வருவது தெரிந்தால் ஃபேனை நிறுத்தினோம். சேலைத் தலைப்பில் கத்தரிக்கோலையும் மருந்து பாட்டில்களையும் முடிந்துகொண்டு, கட்டில் கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்தபடி நடந்தார்.

ஒரு நாள் முற்பகலில் பெண்கள் வார்டு ஜன்னல் கொக்கி கழன்று காற்று உள்ளே பாய்ந்தது. ஒச்சம்மாளுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த சிஸ்டரின் கால் தரையிலிருந்து எழும்பியது. ஒச்சம்மாள் அவருடைய முந்தானையை எட்டிப் பிடித்துவிட்டாள். பிடித்துவிட்டாளே தவிர இழுக்க அவளுக்குத் தெம்பில்லை, நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்தேன், சிஸ்டர் என்று கத்தினால் இன்னும் பிரிந்து இன்னும் லேசாகிவிடுவார் என்பதும் அவளுக்குத் தெரியும். கூப்பிட வேறு வார்த்தை இல்லை.

“உன் பேரு என்ன தாயி?” என்று கேட்டாள்.

சிஸ்டர் காற்றில் பக்கவாட்டில் மிதந்தபடி, யாரோ தன்னிடம் வேறு பாஷையில் பேசியது போல விழித்தார். “பேரா மதினி? ஜெபக்கனி.”

“ஜெபக்கனி, இங்க வா. வந்து உக்காரு.”

தொம்மென்று இரண்டு பாதமும் தரையில் பட்ட சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. வாசல் வழியாக மற்ற சிஸ்டர்கள் ஒவ்வொருவராக விறுவிறுவென்று வந்து அவருக்குள் சேர்ந்தார்கள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கட்டில் கம்பி கிறீச்சிட்டு, மெத்தை ஒரு பக்கம் இறங்கி, ஒச்சம்மாள் அந்தப் பள்ளத்தில் அவர் பக்கமாகச் சரிந்தாள். சரிந்து கிடந்தபடியே சிரித்தாள்.

“இதுதான் ஆளு” என்றாள்.

ஆனால் பக்கத்து வார்டில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்த பாட்டிலைப் பார்க்க ஆளில்லை. இரண்டு நிமிஷத்தில் “சிஸ்டர்!” என்று குரல் வந்தது. ஜெபக்கனி எழுந்தார். எழும்போது ஒருவர், வாசலைத் தாண்டும்போது மூன்று பேர்.

அன்று மத்தியானமே டாக்டர் இளங்குமரன் கையில் ஒரு காகிதத்தோடு டீக்கடைக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் மிஞ்சியிருந்த ஒரே டாக்டர், நேரத்துக்குச் சாப்பிடாமல் காய்ந்துபோன இளைஞர். ஆறு காலியிடங்களையும் நிரப்பச் சொல்லி அவர் எழுதிய கடிதம் மாவட்டத்து ஆபீசிலிருந்து திரும்பி வந்திருந்தது. அவர் படிக்கப் படிக்க பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். “மேற்படி மருத்துவமனையில் பணியிலுள்ள ஒரு செவிலியரே ஏழு பணியிடங்களுக்கான பணிகளையும் குறைவின்றி ஆற்றிவருவதாகத் தெரிய வருவதால், எஞ்சிய ஆறு பணியிடங்களையும் அரசுக்கு ஒப்படைவு செய்வது குறித்து நேரில் ஆய்வு செய்யப்படும்.”

“ஒப்படைவுன்னா?” என்று பாய் கேட்டார்.

“திருப்பிக் குடுத்துடறது. காலியிடம்னா என்னைக்காவது ஆள் வரும், பாய். இடமே இல்லைன்னா யாரும் வர மாட்டாங்க. போர்டுல ‘பணியிடம் ஒன்று, பணியில் ஒன்று, காலி இல்லை’ன்னு வீரணன் எழுதிடுவார். அவ்வளவுதான்.” டாக்டர் காகிதத்தை நான்காக மடித்தார். “இந்தக் காத்துல அவங்க இன்னும் எத்தனை நாள் தாங்குவாங்கன்னு எனக்குத் தெரியல.”

நான் பேர் விஷயத்தைச் சொன்னேன். அப்போதுதான் அந்தத் திட்டம் வந்தது. ஆய்வு புதன்கிழமை. அன்று ஒரு நாள் யாரும் சிஸ்டர் என்ற வார்த்தையை வாயால் சொல்லக் கூடாது, தேவையென்றால் ஜெபக்கனி என்றுதான் கூப்பிட வேண்டும், ஒரே ஒரு பெண் ஏழு இடத்துக்கும் ஓடி மாள்வதை அதிகாரி தன் கண்ணால் பார்க்கட்டும்.

“வலி வந்தா வாயில பேரா வரும்?” என்றார் வீரணன்.

“பழகுனா வரும்யா. சொல்லிப் பாரு” என்றார் பாய்.

“செபக்... செபக்கிளி.”

“கிளியைக் கூப்பிட்டா சீட்டெடுக்கத்தான் வரும். கனி, கனி!”

இரண்டு நாள் வார்டு வார்டாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தோம். குழந்தைகள்தான் சீக்கிரம் பிடித்துக்கொண்டன. ஜெபக்கனிக்கு மட்டும் இதில் சம்மதமில்லை. “கூப்பிட்டா போகாம இருக்க எனக்குத் தெரியாது அண்ணாச்சி. கூப்பிடாம இருந்துருவாவளாக்கும்? பாவம், நோயாளிய வாயக் கட்டிப் போடுதியளே” என்றார். ஆறு பேராக இருந்ததால் அதை ஆறு இடத்தில் ஆறு பேரிடம் சொன்னார்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஜீப்பில் அதிகாரி தணிகாசலம் வந்து இறங்கினார். கனத்த உடம்பு, மூச்சு வாங்கியது, ஆனால் கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாத முகம். ஆண்கள் வார்டுக்குள் நுழைந்தவர் நின்றுவிட்டார்.

“என்னய்யா இது, ஆஸ்பத்திரியா லைப்ரரியா?”

அவ்வளவு அமைதி. காய்ச்சல்காரர்கள் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள். சொந்தக்காரர்கள் குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சொட்டு எண்ணிக்கொண்டு நின்றார்கள். எங்கேயோ ஒரு குழந்தை “ஜெபக்கனி அக்கா” என்று மெல்லக் கூப்பிட, ஜெபக்கனி முழு ஆளாக, தரை அதிர, தாழ்வாரத்தில் ஓடினார். தணிகாசலம் எல்லா வார்டையும் சுற்றி வந்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். அவருடைய தோளுக்கு மேலாகப் படித்த டாக்டரின் முகம் வெளுத்தது. பிறகு எனக்கும் காட்டினார். “நோயாளிகள் அமைதியாக உள்ளனர். புகார் ஏதுமில்லை. ஒரு செவிலியர் போதுமானவர்.”

எங்கள் புத்தி அவ்வளவுதான். நாங்கள் பொறுத்துக்கொண்டிருப்பதை அவர் திருப்தி என்று எழுதிவிட்டார். கஷ்டத்தைக் காட்ட நினைத்து, கஷ்டம் வெளியே தெரியாமல் மறைத்து வைத்திருந்தோம்.

கையெழுத்துப் போடப் பேனாவைத் தூக்கியபோது அவருடைய கை நடுங்கியது. காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பிட நேரமில்லாமல் ஜீப்பில் ஏறியவர். நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை கொட்ட, பேனா உருண்டு விழ, கண் செருக, எங்கள் திட்டம் எதுவும் தெரியாத அந்த மனுஷர், எல்லா மனுஷரும் கூப்பிடும் வார்த்தையைக் கூப்பிட்டார்.

“சிஸ்டர்...”

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. விடிந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அணை உடைந்த மாதிரி, சிஸ்டர் வாந்தி, சிஸ்டர் மூச்சு முட்டுது, சிஸ்டர் குழந்தைக்குத் தூக்கிப் போடுது என்று நாலா பக்கமும் வெடித்தது. ஒச்சம்மாள் மட்டும் கூப்பிடவில்லை, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள் என்று பிறகு சொன்னார்கள். மருந்து அலமாரிக்கு முன்னால் ஜெபக்கனி ஆறு பேரானார்.

ஒருவர் தணிகாசலத்திடம் வந்தார். அதிகாரியை நாங்கள் பெஞ்சில் படுக்க வைத்தோம். ஊசி ஏற்ற வேண்டும், கை உதறிக்கொண்டே இருந்தது. அந்தக் கையை அழுத்திப் பிடிக்க சிஸ்டருக்குக் கனம் இல்லை. முழங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார், பிறகு மொத்த உடம்பையும் அந்தக் கைமேல் சாய்த்தார், அப்படியும் கை அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஐந்தாவது உதறலில் நரம்பு கிடைத்துவிட்டது. குளுக்கோஸ் இறங்கியது. பத்து நிமிஷத்தில் தணிகாசலம் கண்ணைத் திறந்து, தாழ்வாரத்தில் அங்குமிங்கும் போகும் சிஸ்டர்களை எண்ணினார்.

“ஆறு பேர்! நான் கேள்விப்பட்டது நிஜம்தான். ஒரு போஸ்ட்டுக்கு ஆறு பேர் கிடைச்சிருக்காங்க, இதுக்கு மேல என்னய்யா வேணும் உங்களுக்கு?”

யாரோ அவருக்குக் காற்று வரட்டும் என்று ஃபேனைப் போட்டார்கள். பக்கத்தில் நின்ற சிஸ்டர் சட்டென்று அவருடைய பெஞ்சுக் காலைக் குனிந்து பிடித்துக்கொண்டார். தணிகாசலம் அதைப் பார்த்தார்.

நான் ரோட்டைக் கடந்து ஓடினேன். ரிப்பேருக்கு வந்திருந்த வெங்காய மண்டி மேடைத் தராசு கடையில் இருந்தது, சக்கரம் வைத்தது. நானும் பாயும் வீரணனும் தள்ளிக்கொண்டு வந்து தாழ்வாரத்தில் நிறுத்தினோம்.

“சார், எடை பாத்து எழுதிக்கங்க.”

“எதுக்குப்பா?”

“பாருங்க சார்.”

ஒரு சிஸ்டர் ஏறினார். ஒன்பது கிலோ. இறங்கினார். அடுத்தவர், ஒன்பது. வேலைக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் ஒவ்வொருவராக வந்து ஏறி இறங்கினார்கள், ஒன்பது, ஒன்பது, ஒன்பது, ஒன்பது. தணிகாசலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஊசி மாட்டிய கையோடு எழுந்து வந்து தானே ஏறிப் பார்த்தார். எண்பத்து மூன்று.

“என்னோடது சரியாத்தான் காட்டுது” என்றார், கொஞ்சம் வருத்தமாக.

கடைசியில் ஆறு பேரும் மேடையில் ஏறி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஐம்பத்து நான்கு.

டாக்டர் சொன்னார்: “சார், இது ஆறு பேர் இல்ல. ஒருத்தரை ஆறாப் பிச்சு வச்சிருக்கோம். மிச்ச அஞ்சு பேரோட எடை எங்கிருந்தும் வரலை.”

தணிகாசலம் குனிந்து முள்ளைப் பார்த்தார். பிறகு தன் கையில் ஊசி போட்ட சிஸ்டரைத் தேடிக் கண்டுபிடிப்பது போல ஆறு முகத்தையும் பார்த்து, பொதுவாகக் கேட்டார். “வலிக்குமாம்மா?”

“வலிக்காது சார்” என்றார் ஒருவர்.

“பயமாத்தான் இருக்கும்” என்றார் இன்னொருவர். “எல்லாரும் வந்து சேந்தாச்சான்னு எண்ணிப் பாக்கணும் பாத்துக்கிடுங்க. ஒரு நாளைக்கு ஒருத்தி வராமப் போயிட்டா?”

தணிகாசலம் தான் எழுதிய பக்கத்தைக் கிழித்தார். புதுப் பக்கத்தில் எழுதினார், நான் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். “பணியிலுள்ள செவிலியர் ஒருவர் மட்டுமே. எடையிட்டுச் சரிபார்க்கப்பட்டது. காலிப் பணியிடங்கள் ஆறையும் நிரப்ப உடனடியாக நிதி ஒதுக்கப்பட வேண்டும்.” ஜீப்பில் ஏறும் முன் திரும்பி வந்து, “உங்க பேர் என்னம்மா, ரிப்போர்ட்ல போடணும்” என்று கேட்டுக்கொண்டு போனார்.

காகிதம் மாவட்டத்துக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் போய், ஒவ்வொரு மேஜையிலும் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தது. ஆவணி போனது, புரட்டாசி போனது. ஊர் தன்னால் ஆனதைச் செய்தது. பேரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிடவும், முறை வரும்வரை காத்திருக்கவும், யாருக்கு அதிக அவசரம் என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்ளவும் கற்றுக்கொண்டோம். பாய் தினமும் ஒரு முட்டை அவித்துக் கொடுத்தனுப்பினார். ஆனாலும் உயிர் போகிற அவசரத்துக்குப் பேர் வருவதில்லை, அது யார் தப்பும் இல்லை.

ஐப்பசியில் ஒரு காலை, களையெடுக்கப் பெண்களை ஏற்றிப்போன டிராக்டர் மழைச் சேற்றில் சறுக்கி ஓடைக்குள் கவிழ்ந்தது. எட்டுப் பேரை ரத்தமும் சேறுமாகக் கொண்டுவந்து போட்டார்கள். எட்டுக் குரல், எட்டு சிஸ்டர். அந்த நேரத்தில்தான் ஒச்சம்மாளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

நான் அவளுடைய காதருகில் குனிந்து, “பேரைச் சொல்லிக் கூப்பிடு ஒச்சு. முழுசா வரும்” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். “அங்கிட்டு... ரத்தம் போய்க்கிட்டு இருக்கு. முழுசாக் கூப்பிட்டா அவுகளுக்கு யாரு இருக்கா?” கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். “எனக்கு ஒரு பங்கு போதும்.”

பிறகு, பக்கத்தில் இருந்த எனக்கே அரைகுறையாகக் கேட்கும்படி, “சிஸ்டர்” என்றாள்.

வந்தார். ஒன்பதாவது ஆள், ஆறு கிலோ சிஸ்டர், நடக்கும் சத்தமே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒச்சம்மாளின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். “நான் இருக்கேன் மதினி. எங்கயும் போவல.” ஒச்சம்மாளின் புருவம் இறங்கியது. நான் டாக்டரைக் கூட்டிவர ஓடினேன். டாக்டரோடு திரும்பி வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். கை போர்வைமேல் விரிந்து கிடந்தது. நாற்காலி காலியாக இருந்தது. வேறு யாரோ கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எட்டுப் பேரில் ஒருவரைக்கூட அன்று சாகவிடவில்லை.

தை மாதம் முதல் வாரம் அரசாணை வந்தது. மூன்றாம் வாரம் காலை பஸ்ஸில் ஆறு பெண்கள் பெட்டியும் பக்கெட்டுமாக வந்து இறங்கினார்கள், ஒப்பந்தமில்லை, நிரந்தர வேலை. அழுதுகொண்டு போன மூன்று பேரில் ஒருத்தியும் அதில் இருந்தாள். பாதி ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்றது. ஆளுக்கொரு பெட்டியை வாங்குவதற்கு முன்னால் பேரைக் கேட்டுக்கொண்டோம். வீரணன் ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைத்து, பணியிடம் ஏழு, பணியில் ஏழு, காலி என்பதற்கு நேரே ஒரு பெரிய சுழி போட்டு, அதற்குக் கண்ணும் மூக்கும் வைத்தார்.

பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஜெபக்கனி கிளம்பிய அன்று, மகள் ரூபி பாட்டியோடு கூட்டிப் போக வந்திருந்தாள். தாழ்வாரத்தில் ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு தூக்கிப் பார்த்தாள். முக்கினாள். முகம் சிவந்தது. ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. “முடியல!” என்று அவள் கூவியதும் வார்டே சிரித்தது, கட்டுப் போட்டுக் கிடந்தவர்கள்கூடக் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அன்று நான் ஆஸ்பத்திரித் தராசைச் சரிபார்க்க வந்திருந்தேன். முள்ளைச் சுழியில் நிறுத்தியிருந்தேன். “வந்ததுக்கு ஏறிட்டுப் போறேன் அண்ணாச்சி” என்று ஜெபக்கனி கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு ஏறினார்.

நாற்பத்தெட்டு.

நான் திருப்புளியை எடுத்துத் திருகில் வைத்தேன்.

“திருகாதிய” என்றார். குரல் தணிந்திருந்தது. “தராசு சரியாத்தான் இருக்கு. மதினி கையப் பிடிச்சிட்டு இருந்தவ இன்னும் வரல.”

முள் நாற்பத்தெட்டில் அசையாமல் நின்றது. நான் திருப்புளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“எண்ணிப் பாத்தீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“அன்னைக்கு ராத்திரியே எண்ணிட்டேன். தேடல. அவ எங்கயும் போகலன்னு மதினிகிட்ட சொல்லியிருக்கா, அண்ணாச்சி.”

கேட் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு நான் கூடப் போனேன். பஸ் வந்தது. ஜெபக்கனி ஏறியபோது படி லேசாக அமுங்கியது. திரும்பி வந்து தராசின் பின்பக்கம், முத்திரைக்குக் கீழே, பென்சிலால் நாற்பத்தெட்டு என்று எழுதி வைத்தேன். அடுத்த வருஷம் சரிபார்க்கும்போது நான் மறந்துபோய்த் திருகிவிடக் கூடாது.